கஷாயம் ஏன் சில நேரம் கேட்பதில்லை? அடுப்பங்கரை மருந்தின் அளவும் பக்குவமும்

வீட்டில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது, தொட்டியில் கற்பூரவல்லி தழைத்து நிற்கிறது. சளி, வயிற்று உப்புசம், வாய்ப்புண் என்று வந்தால் கஷாயமோ கீரையோ செய்து பார்க்கிறோம். ஒருமுறை கேட்கிறது, அடுத்த முறை கேட்பதில்லை. எதை, எவ்வளவு, எப்படிச் செய்ய வேண்டும் என்பது கேள்வி.

பெரும்பாலும் பிசகுவது பொருளில் இல்லை, பக்குவத்தில். எல்லா மூலிகையையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒரே மாதிரி கொதிக்க வைப்பது முதல் தவறு. குழம்பாகவும் பொரியலாகவும் தின்றுவந்த காயை மிக்சியில் அடித்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது இரண்டாவது. முதல் தவறால் பலன் போகும். இரண்டாவது தவறால் சில நேரம் ஆளுக்கே ஆபத்து.

கஷாயத்திலிருந்து தொடங்கலாம். "நாலு டம்ளர் தண்ணீர் வைத்து ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சு" என்ற விதி எல்லோருக்கும் தெரியும். அது சுக்கு, அதிமதுரம், மிளகு, திப்பிலி போன்ற கடினமான பொருள்களுக்கு உரிய விதி. அவற்றின் சாரம் இறங்க நேரமும் சூடும் வேண்டும். கற்பூரவல்லி, துளசி, புதினா, ஓமம் அப்படியல்ல. இவற்றின் வேலை முழுக்க ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால். ஓமத்தில் தைமால் மிக அதிகம். கற்பூரவல்லிக்கு ஓமவல்லி என்று இன்னொரு பெயர் வந்ததும் அந்த ஒரே வாசனையால்தான். திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் வீடெல்லாம் மணக்கும். மணக்கும் அந்த எண்ணெய்தான் மருந்து. டம்ளரில் மிஞ்சுவது பச்சை நிறத் தண்ணீர்.

அதனால் பெரியவர் ஒருவருக்கான சளிக் கஷாயத்தை இப்படிச் செய்யுங்கள். தோல் சீவிய சுக்கு சுண்டுவிரல் நுனி அளவு, மிளகு 6, இரண்டையும் ஒன்றிரண்டாக நசுக்கி 300 மில்லி தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 150 மில்லியாகும் வரை வையுங்கள். அடுப்பை அணைத்த பிறகு 5 கற்பூரவல்லி இலையைக் கையால் கசக்கிப் போட்டு, 10 துளசி இலையும் சேர்த்து, தட்டுப் போட்டு மூடி 10 நிமிடம் விடுங்கள். தட்டைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நிற்கும் நீரையும் உள்ளேயே வழித்துவிடுங்கள். வாசனை எண்ணெய் அதில்தான் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பாக, மூன்று மணி நேரத்துக்குள் இரண்டு தடவையாகக் குடிக்கலாம். தேன் சேர்ப்பதானால் ஆறிய பின்.

காலையில் வைத்ததை இரவு சூடாக்கிக் குடிப்பது வேண்டாம். சித்த மருத்துவத்தில் சாற்றுக்கும் குடிநீருக்கும் (கஷாயத்துக்கு அங்கே அதுதான் பெயர்) கற்கம் என்னும் அரைத்த விழுதுக்கும் வகுத்த ஆயுள் 3 மணி நேரம், சூரணம் என்னும் பொடிக்கு 3 மாதம். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துக் கணக்குதான், ஆனாலும் வாசனைப் பொருள் கலந்த கஷாயத்துக்கு இன்றும் சரியாகவே பொருந்துகிறது. மிளகுப் பொடி, சுக்குப் பொடியும் அரைத்த மாதத்தில் இருக்கும் காரம் நாலாவது மாதத்தில் இருக்காது. மொத்தமாக அரைத்துச் சேமிப்பதைவிடத் தேவைக்கு இடிப்பது மேல்.

இஞ்சியும் சுக்கும் ஒன்றா என்றால், செடி ஒன்று, மருந்து வேறு. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காயும்போதும் சூடுபடும்போதும் அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறுகிறது. அது இன்னும் காரமானது. குமட்டல், பசியின்மைக்குப் பச்சை இஞ்சி, சளிக்கும் மந்தத்துக்கும் சுக்கு என்று வழக்கம் பிரித்து வைத்திருப்பதைக் கலக்காமல் இருப்பது நல்லது. இஞ்சிச் சாறு எடுத்தால் 10 நிமிடம் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ள வேண்டும். அடியில் படியும் வெள்ளையை நஞ்சு என்பார்கள். பெரும்பாலும் அது மாவுச்சத்து. நஞ்சில்லை என்றாலும் நீக்குவதில் நட்டம் ஒன்றுமில்லை, சாறு தொண்டையில் இறங்க வாகாக இருக்கும். பெரியவருக்கு ஒரு டீஸ்பூன் தெளிந்த சாறு, அதே அளவு தேன், சாப்பாட்டுக்கு அரை மணி முன். வெறும் வயிற்றில் மூன்று நாலு ஸ்பூன் குடித்துவிட்டு "எரிகிறது" என்று சொன்னால் இஞ்சியைக் குறை சொல்ல முடியாது. சுக்கை மேல்தோல் சுரண்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது சொலவடை: சுக்கில் தோலும் கடுக்காயில் கொட்டையும் கழிவு. சுக்கின் தோலில் மண்ணும், கடையில் வெளுப்பாகத் தெரியப் பூசும் சுண்ணாம்பும் ஒட்டியிருக்கும் என்பதே போதுமான காரணம்.

சுக்குமல்லிக் காபிக்கு ஒரு நல்ல விகிதம்: சுக்கு 50 கிராம், தனியா 100 கிராம், மிளகு 10 கிராம், ஏலக்காய் 5 கிராம். தனியாவை மட்டும் வாசம் வரும்வரை லேசாக வறுங்கள், கருகினால் கசக்கும். சுக்கைத் தட்டி உடைத்துவிட்டு அரைக்க வேண்டும், முழுசாகப் போட்டால் மிக்சி பிளேடு தாங்காது. 200 மில்லி தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், ஐந்து நிமிடக் கொதி, பனங்கருப்பட்டி. பால் சேர்க்காவிட்டால் நல்லது.

மஞ்சள் பாலைப் பற்றி இணையத்தில் சொல்லப்படுவதில் பாதி மிகை. மஞ்சளில் அதன் முக்கிய மருந்துப் பொருளான குர்குமின் ஏறத்தாழ 2 முதல் 5 சதவீதம். கால் டீஸ்பூன் மஞ்சள் தூளில் இருப்பது சில பத்து மில்லிகிராம், அதுவும் உடலில் எளிதில் ஏறாது. மிளகு சேர்த்தால் 20 மடங்கு ஏறும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டும் 1998ஆம் ஆண்டு ஆய்வில் கொடுத்தது 2 கிராம் தனிக் குர்குமின், மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம். அவ்வளவு குர்குமினைத் தூளாகவே சாப்பிட வேண்டுமானால் குறைந்தது 40 கிராம் மஞ்சள் தின்ன வேண்டும். ஆகவே மஞ்சள் பால் வறண்ட தொண்டைக்கு இதம், இரவு இருமலுக்குச் சற்று ஆறுதல். அதற்குமேல் அதன் தலையில் ஏற்ற வேண்டாம். 150 மில்லி பால், கால் டீஸ்பூன் மஞ்சள், 3 மிளகு பொடித்து, மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். கொதித்த பாலில் கடைசியாகத் தூளைத் தூவினால் பச்சை வாடை அடிக்கும், அடியில் தங்கிவிடும். குர்குமின் கொழுப்பில் கரைவது, அதனால் ஆடை நீக்காத பால் பொருத்தம்.

சமையலுக்கும் பாலுக்கும் விரலி மஞ்சள்தான். கஸ்தூரி மஞ்சள் மேலுக்குப் பூச. தளதளவென்று கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும் தூளைச் சந்தேகப்படுங்கள். நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பது பழைய மோசடி, அந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. விரலி மஞ்சளாக வாங்கி, கழுவிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைப்பது பாதுகாப்பு. அங்கே மஞ்சளுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புண்ணுக்கு மஞ்சள் பூசுவது நம் பாட்டிகளுக்குத் தெரிந்தது என்று சொல்லித்தான், அமெரிக்காவில் 1995ல் அதற்குக் கொடுத்த காப்புரிமையை இந்திய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து 1997ல் ரத்து செய்ய வைத்தது. அந்த வெற்றியால், ஆழமான வெட்டுக்காயத்தில் டப்பாவிலிருந்து தூளை அள்ளி அப்பலாம் என்று ஆகிவிடாது. டப்பா மஞ்சள் கிருமி நீக்கியதல்ல. சிறு சிராய்ப்போடு நிறுத்திக்கொண்டு, ஆழக் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு டெட்டனஸ் ஊசிக்குக் கிளம்புங்கள்.

பூண்டில் பலர் அறியாத நுணுக்கம் ஒன்று உண்டு. முழுப் பல்லில் பூண்டின் மருந்துப் பொருளான அல்லிசின் கிடையாது. பல் நசுங்கும்போது அதற்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் இரண்டு பொருள்கள் கலந்துதான் அது உண்டாகிறது. அவற்றில் ஒன்றான நொதி சூட்டில் செத்துவிடும். நசுக்கிய கையோடு எண்ணெயில் போட்டால் அல்லிசின் உருவாகவே நேரமில்லை. நசுக்கி 10 நிமிடம் வைத்துவிட்டு ரசத்தின் கடைசிக் கொதியில் போடுங்கள். முழுப் பல்லைப் பாலில் வேகவைத்த பூண்டுப் பால் ருசியான உணவு, அவ்வளவே. பச்சைப் பூண்டை அரைத்துப் பருவின் மேலோ மூட்டிலோ கட்டிப் படுப்பது வேண்டாம். காலையில் தீக்காயம் போலக் கொப்புளித்திருக்கும். பல்வலிக்கும் இதேதான். ஈறில் பூண்டை அடக்கி வெந்துபோவதற்குப் பதிலாகக் கிராம்பை மெல்லக் கடித்து வலிக்கும் பல்லில் வைக்கலாம், அதில் உள்ள யூஜினால் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். சொத்தை அதனால் அடையாது.

வயிற்றுக்கு வருவோம். உப்புசத்துக்கு ஓமம் அரை டீஸ்பூன், உள்ளங்கையில் தேய்த்து நசுக்கி, 150 மில்லி கொதிநீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து வடிகட்டி, ஒரு சிட்டிகை கல்லுப்பு. கடையில் விற்கும் ஓம வாட்டர் நிறமில்லாமல் இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு: அது கொதிக்க வைத்து இறுத்ததல்ல, ஆவியைக் குளிரவைத்து வடித்த வாலை நீர். வீட்டு ஓமத் தண்ணீர் பழுப்பாகத்தான் இருக்கும். சீரகத் தண்ணீர் மென்மையானது, ஒரு டீஸ்பூனுக்கு அரை லிட்டர், நாள் முழுதும் குடிக்கலாம். அதனால் தொப்பை கரையாது.

வெந்தயம் மலச்சிக்கலுக்கும் சொல்கிறார்கள், வயிற்றுப்போக்குக்கும் சொல்கிறார்கள், எப்படி இரண்டுக்கும் ஆகும் என்று குழம்புவது நியாயம். வெந்தயத்தின் நார் தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும் வகை. ஊறவைத்து நிறையத் தண்ணீரோடு உண்டால் மலத்தை இளக்கும்; நீர்த்துப் போகும்போது மோரோடு உண்டால் அந்த நீரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் வெந்தயத்தை 100 மில்லி நீரில் இரவு ஊறவைத்து, காலையில் அந்த நீரோடு மென்று விழுங்குங்கள். ஊறாத வெந்தயத்தைக் கைப்பிடியாகப் போட்டுக்கொண்டு ஒரு மடக்கு நீரில் விழுங்கினால் உள்ளே போய் உப்பி, உள்ள சிக்கலையும் கூட்டும். வேர்வையில் வெல்லப்பாகு போல ஒரு வாசம் வந்தால் பயப்பட வேண்டாம், வெந்தயத்தின் குணம் அது.

ஆனால் வயிற்றுப்போக்கில் முதல் மருந்து வெந்தயமும் இல்லை, மாதுளை ஓடும் இல்லை. உப்புச் சர்க்கரைக் கரைசல். காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடிவிட்டால் குழந்தைக்குக் கெடுதல், ஆகவே கைக்கணக்கு கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். இரத்தம் கலந்து போனாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றாலோ, குழந்தை துவண்டு கிடந்தாலோ அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை. ஒரு கைப்பிடி இலை, சின்ன வெங்காயம் 6, இரண்டு டேபிள்ஸ்பூன் பாசிப்பருப்பு, சீரகம். பருப்பு முக்கால் வெந்ததும் கீரையைப் போட்டு ஐந்தே நிமிடம், இறக்கிய பின் அரை டம்ளர் தேங்காய்ப் பால். தேங்காய்ப் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். மிளகாய், புளி சேர்க்காதீர்கள். புண்ணில் காரம் பட்டால் மருந்தும் சித்திரவதைதான். கறுத்துப் பழுத்த பழத்தை அப்படியே தின்னலாம். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, உருளைக்கிழங்கின் பச்சைப் பகுதியில் இருக்கும் சோலனின் என்னும் நஞ்சு அதிலும் உண்டு. காயை மோரில் ஊறப்போட்டு வெயிலில் வற்றலாக்கி வறுப்பதே நம் வழக்கம். அடிக்கடி வாய்ப்புண் வருகிறதென்றால் இரும்பு, பி12 குறைவா என்று இரத்தம் பார்க்க வேண்டும். மூன்று வாரம் ஆறாத புண், அதிலும் புகையிலை, பாக்கு போடுபவரின் வாயில் இருந்தால், கீரை சமைத்துக்கொண்டு காத்திருப்பது ஆபத்து.

பிரண்டைத் துவையலில் எல்லோரும் தோற்கும் இடம் அரிப்பு. காரணம் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். கொடியின் நுனியிலிருந்து இளசான மூன்று நாலு கணு மட்டும் எடுங்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நாலு ஓரத்து நாரையும் உரித்து, கணுவை வெட்டி எறியுங்கள். மோரில் அரைமணி போட்டு எடுத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகச் சுருளும் வரை வதக்க வேண்டும். பாதி வதங்கியதை அரைத்தால் தொண்டை பிடுங்கிக்கொள்ளும். நெல்லிக்காய் அளவு புளி, உளுந்து இரண்டு ஸ்பூன், காய்ந்த மிளகாய் 4. புளியில் கஞ்சத்தனம் வேண்டாம், அரிப்பை அடக்குவது அதுதான். சிறுநீரகக் கல் இருப்பவர் பிரண்டையை விட்டுவிடுவது நல்லது.

முருங்கைக்கீரைக்குச் சுருக்கமாக: பத்து நிமிடத்துக்கு மேல் வேகவிடாதீர்கள், இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ வேண்டாம். கீரையின் இரும்பு உடலில் ஏற வைட்டமின் சி உதவும், டீயின் துவர்ப்பு தடுக்கும். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனவரைக் கீரையால் மட்டும் தூக்கி நிறுத்த முடியாது, மாத்திரை வேண்டும்.

இனிச் சாறுகள். கடந்த சில ஆண்டுகளில் அடுப்பங்கரை மருந்தில் நடந்த பெரிய மாற்றம், காய்கறி சட்டியிலிருந்து மிக்சிக்கு இடம் பெயர்ந்தது. ஒரு வேளைப் பொரியலில் 100 கிராம் கீரை போதும்; நறுக்கி, வேகவைத்து, நீரை வடித்து, தேங்காய் போட்டு, சோற்றோடு உண்கிறோம். சாறு என்றால் பச்சையாக, வெறும் வயிற்றில், தினமும். பசலைக்கீரை, தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் அதிகம். வேகவைத்து நீரைக் கொட்டினால் அது கணிசமாகக் குறையும், பச்சைச் சாற்றில் முழுசாக உள்ளே போகும். கேரளத்தில் இரும்பன்புளி என்னும் புளிப்புக்காயின் சாற்றைக் கொழுப்பு குறைக்கவென்று குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. அதே காயை மீன் குழம்பில் இரண்டு போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை.

சுரைக்காய் இன்னும் கொடியது. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்னும் நஞ்சு இருக்கிறது, சமைத்தாலும் அது அழியாது. 2010ல் தில்லியில் கசந்த சுரைச் சாற்றைக் குடித்த ஒரு விஞ்ஞானி இறந்தார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. செய்ய வேண்டியது சின்ன வேலை. காம்புப் பக்கம் ஒரு மெல்லிய துண்டு அரிந்து நுனி நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். வெள்ளரி, பீர்க்கு, புடலைக்கும் இதுவே சோதனை. நெல்லிக்காயும் பாகலும் சேர்த்து அடித்த கலவைச் சாற்றில் சுரையின் கசப்பு தெரியாது, அதனால் சுரையை எதனோடும் கலந்து குடிக்கவே வேண்டாம். குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் அடுத்த நிமிடமே மருத்துவமனை. "உடம்பு சுத்தமாகிறது" என்று யாராவது தேற்றினால் கேட்காதீர்கள்.

பாகலின் கசப்பு வேறு வகை, அதை உணவாக உண்பதில் கெடுதல் இல்லை. ஆனால் இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் கூடவே பாகல் சாறும் குடித்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து கை நடுங்கி, வேர்த்து, மயங்கி விழலாம். கர்ப்பிணிகளுக்குச் சாறு வேண்டாம்.

வாழைத்தண்டை வட்டமாக நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து, துண்டுகளை மோரில் போட்டால் கறுக்காது. கல்லைக் கரைக்கும் என்ற பெயர் அதற்குக் கிடைத்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: 5 மில்லிமீட்டருக்குச் சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும், அந்த வாரம் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்விடும். கல் இருப்பவருக்கு உறுதியாக உதவுவது, நாளுக்கு இரண்டு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவு தண்ணீர். கூடவே எலுமிச்சைச் சாறு, அதிலுள்ள சிட்ரேட் கல் படிவதைக் குறைக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவர் வாழைத்தண்டுச் சாற்றைத் தொடக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தடுமாறும்.

குழந்தைகளுக்கு எல்லாக் கணக்கும் மாறும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம், கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிப் பிழிந்த சாறும்கூட. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்து வீட்டுக் கொதியில் சாகாது. ஒரு வயது தாண்டியபின் இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் நல்ல மருந்து. "பிள்ளை வளர்ப்பான்" என்று செல்லப் பெயர் பெற்ற வசம்பில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய ஆசரோன் இருக்கிறது என்று அமெரிக்காவில் 1968லேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். உரைமருந்தில் சாதிக்காய் கூடினால் குழந்தை தூங்குவது மருந்தின் குணத்தால் அல்ல, மயக்கத்தால். கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே தடவாதீர்கள், வாய்க்குள் போனால் வலிப்பு வரும். ஆவி பிடிக்கும் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோவது அடிக்கடி நடப்பது. சிறு பிள்ளைக்கு ஆவி வேண்டாம். பெரியவரும் பாத்திரத்தை மடியில் வைக்காமல் தரையில் வைத்துக் குனியுங்கள்.

நீண்டகால மாத்திரை எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது சில. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் ஒரு வாரம் கீரையே இல்லாமலும் அடுத்த வாரம் தினமும் கீரையுமாக உண்ணக்கூடாது, வைட்டமின் கே ஏறி இறங்கி மருந்தின் அளவைக் குலைக்கும். அளவு ஒரே சீராக இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் பச்சைப் பூண்டு, இஞ்சிச் சாறு குடிப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர் தொண்டைக்கென்று அதிமதுரத்தை வாரக்கணக்கில் சப்பினால் அழுத்தம் ஏறும். மஞ்சளையும் மிளகுச் சத்தையும் சேர்த்து அடைத்து விற்கும் மாத்திரைகளால் ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள், அவை அஞ்சறைப் பெட்டிச் சாமான்கள் அல்ல. தைராய்டு மாத்திரை போட்டவர் சுக்குமல்லிக் காபியோ வெந்தயத் தண்ணீரோ எதுவானாலும் ஒரு மணி நேரம் கழித்தே குடியுங்கள்.